அரையிஞ்சு மாஸ்டர் வெட்டிய கேஸ்கட்

எங்கள் அத்தானை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அரையிஞ்சு மாஸ்டர் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். என் அக்காவின் கணவர் அவர். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். யார் துணி கொடுத்தாலும், என்ன உடுப்பாக இருந்தாலும், உள்பக்கம் அரை இஞ்ச் துணியைக் கூடுதலாக விட்டு மடித்துத்தான் தைப்பார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். "இருக்கட்டும், பின்னாடி உதவும்" என்பார். கொஞ்ச காலம் கழித்து அதே ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பார். அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் தையலைப் பிரித்து அந்த அரை இஞ்சை வெளியே விடுவார். அப்படிப் பேசாமல் இருப்பதுதான் கொடுமை. இரண்டு வார்த்தை கிண்டல் செய்தால்கூட வந்த ஆளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அப்படியில்லை, வாயாடி. வாட்டர் ஹீட்டர் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் பிரிவில் எனக்கு வேலை. பகல் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் போனில் என்னைத் திட்டுவார்கள். நான் "புரியுது சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்து யாரையாவது வம்புக்கு இழுத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அதற்கு அத்தான் கொஞ்சமும் லாயக்கில்லாத ஆள். என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். "உங்களுக்குக் கோபமே வராதா அத்தான்?" என்று கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு. அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு மாதிரி சிரிப்பாள்.

காரணம் எனக்குத் தெரியும். அத்தானுக்குக் கோபம் வரும். காரில் வரும்.

நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடி வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், ஒருவர் நின்றால் இன்னொருவர் பக்கவாட்டில் போக வேண்டிய சமையலறை. அக்கா, அத்தான், நான், அப்புறம் அத்தானின் அப்பா. அக்காவின் மாமனாருக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதற்குச் சேர்த்து வைத்துக் காது கேட்கும். சமையலறையில் கரண்டி விழுந்தால் கூடத்திலிருந்தே "அது பெரிய கரண்டியா, சின்னதா?" என்பார். யாராவது கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டால் போதும், "யாரு கத்தறது?" என்று கேட்பார். தன்னால்தான் மகன் வீட்டில் சண்டை என்று அவர் மனம் கஷ்டப்படுமோ என்று அக்காவுக்கும் அத்தானுக்கும் பயம். அதனால் கல்யாணமான புதிதிலேயே வீட்டுக்குள் சத்தம் போடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். சண்டை போடுவதில்லை என்று முடிவு செய்யவில்லை. மனுஷர்கள்தானே.

கீழே முற்றத்தில் நிற்கிறது அந்தக் கார். ஒரு காலத்தில் நீல நிறம். அதைத் தயாரித்த கம்பெனிக்கே அப்படி ஒரு வண்டி செய்த ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். அக்காவுக்கு மனதில் ஏதாவது முட்டிக்கொண்டு வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுப்பாள். அத்தான் பின்னாலேயே இறங்குவார். இருவரும் உள்ளே ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை மேலே ஏற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். அக்காவின் விரல் ஆடும். அத்தான் ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி வைப்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு சொல் வெளியே வராது. சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்ப்பது போல இருக்கும். என்ன சண்டை என்று தெரிந்துகொள்ள நான் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன், உதட்டசைவைப் படிப்பது உட்பட. பிரயோஜனமில்லை. அவர்கள் மேலே ஏறி வரும்போது படியிலேயே மறித்து "என்ன ஆச்சு?" என்பேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்த மனிதருக்கு வீட்டில் சோதிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பகலிலும் கையில் ஒரு டார்ச் விளக்கோடு முற்றத்தைச் சுற்றி வருவார். அந்த முற்றத்துக்குத்தான் புதிதாக வெளிர் நிறக் கல் பதித்திருந்தார். கல் பதித்த ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை, காருக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம். கீழே இருந்து அத்தானைக் கூப்பிட்டார். நானும் வேடிக்கை பார்க்க இறங்கினேன்.

"மாஸ்டர், இது என்ன?"

"எண்ணெய் சார்."

"யாரோடது?"

"காரோடதுங்க."

"காருக்கு வாய் இருக்கா? நீங்கதானே பதில் சொல்லணும்?"

அத்தான் சிரித்தார். அது அவருடைய வழக்கமான சிரிப்பு, வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரருக்கு அது கேலியாகப் பட்டுவிட்டது. டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலைல இதே டார்ச்சோட வருவேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் வண்டி கேட்டுக்கு வெளிய போயிடணும்."

கேட்டுக்கு வெளியே போனால் எங்கே நிறுத்துவது? எங்கள் தெருவில் ஒரு மாட்டு வண்டியும் ஒரு குண்டு மனிதரும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். வண்டி நிறுத்த இடம் என்று பார்த்தால் சந்தைக்கு அப்பால் லாரிகள் நிற்கும் மைதானம்தான். அங்கே போய் உட்கார்ந்து அக்காவும் அத்தானும் சண்டை போட முடியுமா? நாலு லாரி டிரைவர்கள் பஞ்சாயத்து பேச வந்துவிடுவார்கள். கண்ணுக்கு மறைவாக எங்கோ நிற்கும் பழைய காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

அன்று மாலை சமையலறையில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் என்று நினைத்தேன்.

"கார் போச்சுன்னா நான் எங்கடி போய்க் கத்துவேன்?" என்றாள் கிசுகிசுப்பாக. "எல்லாத்தையும் முழுங்கி முழுங்கி ஒரு நாள் வெடிச்சுடுவேன்."

"யாரு வெடிக்கிறது?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"யாரும் இல்ல மாமா, கடுகு" என்றாள் அக்கா.

மறுநாள் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தார்கள். அந்த மனிதர் ஏற்கெனவே ஒரு முறை இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றி, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டை மாற்றிக் கொடுத்தவர். இரண்டு இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் இருக்க நடுவில் ஒரு தகடு மாதிரி வைப்பார்களே, அதுதான் கேஸ்கட். மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. இந்த முறை அவர் குனியக்கூட இல்லை. இடுப்பில் கை வைத்து எட்ட நின்று பார்த்தார்.

"வயசாயிடுச்சு மாஸ்டர். ஒரு இடத்துல அடைச்சா இன்னொரு இடத்துல வரும். வித்துட்டு வேற பாருங்க."

அத்தானுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பட்டறைக்காரர் தெருமுனை தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "கிழிஞ்ச சட்டையோட ஒருத்தர் வந்தா, உங்களுக்கு வயசாயிடுச்சு, வேற ஆளா மாறி வாங்கன்னு நான் சொல்றேனா?" என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். கடையை அடைத்துவிட்டு, தானே பார்ப்பதாக முடிவு செய்தார். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமா என்றால் தையல் மெஷின் பழுது பார்த்த பழக்கம் உண்டு. மெஷினிலும் எண்ணெய் இருக்கிறது, இதிலும் எண்ணெய் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மண்ணெண்ணெய்யில் பிரஷ்ஷை நனைத்து இன்ஜின் முழுவதையும் தேய்த்துக் கழுவினார். கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளால் துடைத்தார். பூப்போட்டது, கட்டம் போட்டது, கோடு போட்டது என்று ஊரில் உள்ள எல்லோருடைய உடுப்பும் அன்றைக்கு எங்கள் இன்ஜினைத் துடைத்தது. பிறகு தையற்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்குக் கட்டி இருக்கிறதே, அதைப் பொடித்துச் சலித்து எடுத்துக்கொண்டார். அக்காவின் முகப் பவுடர் டப்பாவில் இருந்த பஞ்சைக் கேட்காமலே எடுத்து வந்து, இன்ஜின் மேல் ஒற்றி ஒற்றிப் பூசினார்.

"பொண்ணு ரெடி. மாப்பிள்ளை எங்க அத்தான்?" என்றேன்.

"என் பஞ்சு!" என்றாள் அக்கா.

வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுவிட்டு மூன்று பேரும் உள்ளே தலையை நீட்டிக்கொண்டு நின்றோம். மேல் மூடி வெள்ளையாகவே இருந்தது. பட்டறைக்காரர் மாற்றிய கேஸ்கட் மேல் ஒரு குற்றமும் இல்லை. அடிப்பகுதியும் வெள்ளை. பக்கவாட்டில் ஆயில் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் கூடு ஒன்று இருக்கிறது. அது இன்ஜினோடு ஒட்டும் இடத்தில் மெல்ல ஒரு கறுப்புக் கோடு இறங்கியது.

"அங்க பாருங்க!" என்று அக்காதான் முதலில் பார்த்தாள். "அழுது மை கலைஞ்ச மாதிரி வழியுது."

அங்கிருந்து கிளம்பி இன்ஜினின் பக்கவாட்டிலேயே வழிந்து, அடியில் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் வேறொரு இடத்திலிருந்து சொட்டியிருக்கிறது. செய்தது ஒருத்தர், மாட்டிக்கொண்டது இன்னொருத்தர். எங்கள் கம்பெனியில் தினமும் நடப்பதுதான்.

அத்தான் கூட்டைக் கழற்றினார். எண்ணெய் நிறையக் கொட்டியது. அக்கா மாவு பிசையும் பேசினை நீட்டி ஏந்தினாள். அந்த பேசின் அதற்கப்புறம் சமையலறைக்குத் திரும்பவில்லை. உள்ளே இருந்த பழைய கேஸ்கட் காய்ந்த ரொட்டி மாதிரி பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. இன்ஜின் பக்கம் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. ஒன்றின் வழியே எண்ணெய் ஃபில்டருக்கு வரும், மற்றதன் வழியே சுத்தமாகி உள்ளே திரும்பிப் போகும். அழுக்கு விழாமல் இருக்க அத்தான் இரண்டிலும் பூப்போட்ட துணியை உருட்டிச் சொருகினார். ஒட்டிக்கொண்டிருந்த பழசை உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டினார். இதையெல்லாம் வீட்டுக்காரர் தன் வாசலில் நாற்காலி போட்டுக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது கேஸ்கட் வாங்கப் போன இடத்தில்தான் வேடிக்கை. உதிரி பாகக் கடைக்காரர் மாடல் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்த் தன் அப்பாவைக் கூட்டிவந்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த வண்டியா? ஒரு தடவை பார்த்திருக்கேன்" என்றார். ரெடிமேடாக அதற்கு கேஸ்கட் கிடையாது, ஷீட்டாக வாங்கிக்கொண்டு போய் வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஷீட்டைக் கையில் வாங்கி, தடவி, மடித்துப் பார்த்தபோது அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஸ்பேனரோடு திணறிக்கொண்டிருந்த மனிதர் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். வெட்டுவது என்றால் விட்டுவிடுவாரா?

சாப்பாட்டு மேசையில் கடை விரித்தார். கழற்றிய கூட்டின் எண்ணெய் முகத்தை ஒரு தாளில் அழுத்தி அச்சு எடுத்தார். தாளை ஷீட்டின் மேல் வைத்து, நகராமல் இருக்க இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்தார். துணி வெட்டும் கத்திரியால் வேறு எதையாவது வெட்டுவது எங்கள் வீட்டில் கொலைக் குற்றம். நான் ஒரு முறை பால் பாக்கெட் வெட்டிவிட்டு இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன். அதனால் இரண்டாம் நம்பர் கத்திரியை எடுத்தார். கறுக் கறுக்கென்று வெட்டினார். போல்ட் போகும் துளைகளுக்கு பெல்ட்டில் ஓட்டை போடும் பஞ்ச்.

"துணி தடிப்பா இருக்கே. கோட்டுத் துணியா?" என்றார் மாமனார்.

"கார் துணிப்பா" என்றார் அத்தான். அவர் மகிழ்ச்சியில் இருந்தார்.

மறுபடி கீழே போனோம். கேஸ்கட்டை வைக்கப் போகும்போது அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"பூத் துணி ரெண்டு சொருகினீங்க. ரெண்டையும் என் கையில குடுங்க."

அத்தான் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். இன்னொன்று ஓட்டைக்குள்ளேயே இருந்தது. அவர் அசட்டுச் சிரிப்போடு அதையும் எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு அத்தான் எல்லா போல்ட்டையும் முதலில் லேசாக மாட்டி, "இது ஓட்டுத் தையல்" என்றார். அப்புறம் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று மாற்றி மாற்றி முறுக்கி, "இது மெஷின் தையல்" என்றார். புது எண்ணெய் ஊற்றினார். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

இன்ஜின் ஓடியது. ஒழுகவில்லை. அத்தான் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"என்னங்க, அந்தச் சிவப்பு விளக்கு அணையலையே" என்றாள் அக்கா.

ஸ்டார்ட் ஆனவுடன் அணைந்துவிட வேண்டிய எண்ணெய் விளக்கு அது. அது எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓடினால் இன்ஜின் இறுகிச் செத்துப் போகும், அப்புறம் வீட்டுக்காரர் துரத்த வேண்டிய அவசியமே இருக்காது. உள்ளே எங்கோ டக் டக்கென்று ஒரு சத்தம் கிளம்பியது. அத்தான் சிலையாக நின்றார். அக்கா அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் சாவியைத் திருப்பி அணைத்தாள். இவ்வளவு பாடுபட்டும் கார் கையைவிட்டுப் போகிறதே என்று நிஜமாகவே அழுகை வந்தது.

"ஏறுங்க உள்ள" என்றாள் அக்கா.

அத்தான் ஏறினார். கதவு சாத்தப்பட்டது. கண்ணாடி ஏறியது. முன் மூடி திறந்தே இருந்ததால் இந்த முறை எனக்கு விரல் ஆட்டம்கூடத் தெரியவில்லை. கார் மட்டும் லேசாகக் குலுங்கியது. வீட்டுக்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மனைவியும் கதவோரம் வந்து நின்றார்.

கதவு திறந்தபோது அத்தான் முகம் செத்துப் போயிருந்தது. யாரையும் பார்க்காமல் போல்ட்டுகளைக் கழற்றினார். கூட்டை எடுத்தார். கேஸ்கட்டை உரித்துக் கையில் வைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அச்சில் பெரிதாக இருந்த இரண்டு எண்ணெய் ஓட்டைகளும் கேஸ்கட்டில் பொம்மைச் சட்டையின் கழுத்து அளவுக்குச் சுருங்கியிருந்தன. சுற்றி மிஞ்சிய ஓரம் எண்ணெயின் வேகத்தில் உள்ளே மடிந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

தையல் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தை எப்போதும் சின்னதாகத்தான் வெட்டுவார்கள். சின்னதாக இருந்தால் பெரிதாக்கலாம், பெரிதாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. மனிதர் சுற்றிலும் அரை இஞ்ச் விட்டு வெட்டியிருக்கிறார். கை தானாக வெட்டியிருக்கிறது. "அரை இஞ்ச் விட்டீங்களா?" என்பதுதான் காருக்குள் அக்கா கேட்ட முதல் கேள்வியாம்.

"இன்ஜினுக்குத் தொப்பை விழாதுங்க" என்றாள் அக்கா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

நான் சிரித்த சிரிப்பில் கேட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அத்தான் என்னை முறைத்தார். எனக்கு நினைவு தெரிந்து முற்றத்தில் நின்று அவர் முறைத்தது அன்றுதான். எனக்கு அதுவே பெரிய பரிசு.

மறுபடி சாப்பாட்டு மேசை. இந்த முறை அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கத்திரியைப் பார்த்தாள். கோட்டின் மேல் கத்திரி வந்து நின்றபோது அத்தான் கை தயங்கியது. இம்மி மிச்சமில்லாமல் வெட்டுவது அவருக்கு ஒருவரை வெறும் உடம்போடு தெருவில் அனுப்புவது போல இருந்திருக்க வேண்டும். "கோட்டு மேலேயே" என்றாள் அக்கா. "கொஞ்சமாவது..." என்றார் அவர். "கோட்டு மேலேயே." வெட்டினார்.

இந்த முறை விளக்கு உடனே அணைந்தது. டக் டக் சத்தமும் நின்றது. மீண்டும் சாக்குப் பொடி பூசி, வண்டியை நெடுநேரம் ஓடவிட்டோம். பொடி வெள்ளையாகவே இருந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கை முழுக்க எண்ணெய். என் புது உடுப்பு போச்சு.

சனிக்கிழமை மாலை வீட்டுக்காரர் பழைய செய்தித்தாளோடு வந்தார். காருக்கு அடியில் விரித்து, யாரும் மாற்றிவிடக் கூடாது என்று நான்கு மூலையிலும் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை டார்ச்சோடு வந்து, மண்டியிட்டு, தாளை இழுத்தார். அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதோ!" என்றார் வீட்டுக்காரர்.

தாளில் கறுப்பாக ஒரு புள்ளி. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்காரர் அதை விரலால் தேய்த்தார். முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். போகவில்லை. டார்ச்சை அருகில் கொண்டுபோனார். அது ஒரு சோப்பு விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கன்னத்து மச்சம்.

"சரி. வண்டி நிக்கலாம்" என்றார், ஏமாற்றத்தோடு. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பகல் சாப்பாடு முடிந்து நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கதவைத் தட்டும் சத்தம். வீட்டுக்காரம்மா. எப்போதும் கீழே இருந்தே பேசுகிறவர் அன்று மாடிப்படி ஏறி வந்திருந்தார்.

"மாஸ்டர், கார் சாவி கொஞ்சம் தர்றீங்களா?"

"எங்கேயாவது போகணுமாம்மா? நானே ஓட்டறேனே."

"போக வேண்டாம். நிக்கிற இடத்துலயே போதும்." அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வீட்டுக்கு மருமக வந்ததுலேருந்து, அவ காதுல விழக் கூடாதுன்னு நானும் இவரும் ஒருத்தருக்கொருத்தர் ரொம்ப மரியாதையா பேசிக்கிட்டு இருக்கோம். என்னால தாங்க முடியல."

அத்தான் புரியாமல் நின்றார். அக்கா எழுந்து சாவியை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "கண்ணாடிய முழுசா ஏத்திடுங்க. இடது பக்கக் கண்ணாடி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கையால தூக்கி விடணும்" என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் மூன்று பேரும் சமையலறை ஜன்னலில் இடித்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மா வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவர் டிரைவர் பக்கம் போனார். அந்த அம்மா மறுபக்கத்தைக் காட்டினார். அவர் அடங்கிப் போய் மறுபக்கம் ஏறினார். கண்ணாடி ஏறியது. பிறகு அந்த அம்மாவின் கை எழுந்தது. எழுந்த கை இறங்கவே இல்லை. வீட்டுக்காரர் எதையோ மறுக்க வாயைத் திறந்தார், மூடினார். டார்ச்சை எரியவிட்டு ஏதோ சுட்டிக்காட்டப் பார்த்தார். அந்த அம்மா அதைப் பிடுங்கிப் பின் சீட்டில் எறிந்தார்.

"அடேயப்பா, நல்லாப் போடறாங்களே" என்றார் அத்தான் மரியாதையோடு.

அப்புறம் மெல்ல அசைவு நின்றது. இருவரும் நேராக முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? எனக்குப் பொறுமை போய்விட்டது.

"முடிஞ்சுபோச்சு. நான் போய்ச் சாவிய வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போகாத. சண்டை எங்க வேணா போடலாம்டி. போட்டு முடிச்சப்புறம் யாரும் வந்து என்ன ஆச்சுன்னு கேக்காம, கொஞ்ச நேரம் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் கார்."

இத்தனை காலமும் படியில் நின்று அதையே கேட்டவள் நான். திரும்ப வந்து ஜன்னலில் நின்றேன். கீழே அந்த அம்மா வீட்டுக்காரரின் சட்டைக் காலரைச் சரிசெய்து கொண்டிருந்தார்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"ரொம்ப நன்றி மாஸ்டர். எண்ணெய் சொட்டினா சொட்டிட்டுப் போகட்டும். நான் தொடைச்சுக்கறேன். வண்டி இங்கேயே நிக்கட்டும்."

"அது சொட்டாதுங்கம்மா" என்றார் அத்தான்.

"சொட்டட்டும்ங்கறேன்."

"எப்படிம்மா சொட்டும்? நான் கோட்டு மேலேயே வெட்டியிருக்கேன்."

"பழைய வண்டிதானே மாஸ்டர். என்னிக்காவது ஒரு நாள் சொட்டினா..."

"சொட்டாதுன்னு சொல்றேன்ல!" என்று அத்தான் கத்தினார். வீட்டுக்குள் நின்று, தொண்டை கிழிய. மேசை மேல் இருந்த டம்ளர்கூட அதிர்ந்திருக்கும். அந்த அம்மா சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு கத்தறது?" என்று கூடத்திலிருந்து மாமனார் கேட்டார்.

அக்கா கடுகு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தானே சொல்லிவிட்டார்.

"நான்தான்ப்பா."

கூடத்தில் கட்டில் கிரீச்சிட்டது.

"சரி, அந்தக் கதவைச் சாத்திட்டுக் கத்து. காத்து வருது" என்றார் மாமனார், போர்வையை இழுத்துக்கொண்டு.

அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தான் போய்க் கதவைச் சாத்தினார். சாவியை மட்டும் அக்கா யாரும் பிடுங்கிவிடாதபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.